முதலில் வந்தது காகிதம்

ஒரு மைல் என்றால் எவ்வளவு தூரம்? ஆங்கிலேயர் கணக்கில் 1.6 கிலோமீட்டர். அந்தக் காலத்து ஜெர்மானியப் புவியியல் மைல் என்றால் ஏறக்குறைய 7.4 கிலோமீட்டர். 1883-ல், தென்மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், இன்றைய நமீபியாவில், இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே ஒரு மக்களின் நிலம் காணாமல் போனது. பிரெமன் நகரத்துப் புகையிலை வியாபாரி அடால்ஃப் லூடரிட்ஸ், நாமா மக்களின் தலைவர்களில் ஒருவரான யோசெஃப் ஃப்ரெடெரிக்ஸிடமிருந்து கடலோரமாக 20 மைல் அகலத்துக்கு நிலம் வாங்கினார். விலை 500 பவுண்டும் 60 துப்பாக்கிகளும். தலைவருக்குத் தெரிந்தது ஆங்கில மைல். பத்திரத்தில் எழுதியிருந்தது புவியியல் மைல். 32 கிலோமீட்டர் கொடுக்கிறோம் என்று நினைத்து அவர் கையெழுத்துப் போட்டது கிட்டத்தட்ட 150 கிலோமீட்டருக்கு. அடுத்த ஆண்டே அந்தக் கரை ஜெர்மன் பேரரசின் 'பாதுகாப்பில்' வந்துவிட்டது.

22 ஆண்டுகள் கழித்து, அதே விரிகுடாவில், கரையை ஒட்டிய ஒரு பாறைத் தீவில், அதே நாமா மக்கள் கைதிகளாக அடைபட்டுக் குளிரிலும் பசியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு அந்த வியாபாரியின் பெயரையே வைத்திருந்தார்கள்: லூடரிட்ஸ். தீவின் பெயர் ஷார்க் தீவு, அதாவது சுறாத் தீவு.

பத்திரத்தில் தொடங்கிய காரியம் முகாமில் போய் முடிந்தது எப்படி?

இனவழிப்பு என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வெறி. கத்தியும் தீப்பந்தமுமாக ஓடும் கூட்டம், கண்மண் தெரியாத வெறுப்பு. வெறுப்பு உண்டுதான். ஆனால் காலனி வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் பிந்தித்தான் வருகிறது. முந்தி வருவது பத்திரம், அளவைச் சங்கிலி, கடன் நோட்டு, 'காலி நிலம்' என்று அறிவிக்கும் அரசாணை. நிலம் கைமாறிய பிறகும் மக்கள் அங்கேயே இருக்கிறார்களே என்ற எரிச்சல் அப்புறம் வருகிறது. அந்த எரிச்சலுக்கு நியாயம் கற்பிக்க இனக் கோட்பாடு கடைசியில் வந்து சேர்கிறது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. இனப்படுகொலை என்கிறோம், இனவழிப்பு என்றும் சொல்கிறோம். முதல் சொல்லைக் கேட்டால் பிணங்களை எண்ணத் தோன்றும். இரண்டாவது சொல் கேள்வியை அகலமாக்குகிறது: ஒரு கூட்டம் கூட்டமாக வாழ்வதற்கு எதெல்லாம் வேண்டுமோ, அதெல்லாம் என்ன ஆயிற்று? 1944-ல் 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கிய போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் மனதில் இருந்தது இந்த இரண்டாவது அர்த்தம். அதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு என்று அவர் எழுதினார். ஒடுக்கப்படும் கூட்டத்தின் வாழ்க்கை முறையைச் சிதைப்பது ஒன்று. அந்த இடத்தில் ஒடுக்குபவனின் வாழ்க்கை முறையைக் கொண்டுவந்து வைப்பது இன்னொன்று. நாஜிகள் பிடித்துவைத்திருந்த ஐரோப்பாவைப் பற்றித்தான் அதை எழுதினார். ஆனால் குடியேற்ற காலனிகளுக்கென்றே எழுதிய வரையறை போலவும் அது இருக்கிறது. இது தற்செயல் இல்லை. அவர் எழுதி வெளிவராமல் போன குறிப்புகளில் அமெரிக்கப் பழங்குடிகளும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவு மக்களும் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் ஹெரேரோ மக்களும் இடம்பெறுகிறார்கள்.

சரி, காலனியத்துக்கு முன்னால் மனிதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படவில்லையா? தாராளமாகக் கொல்லப்பட்டார்கள். ரோமானியர் கார்த்தேஜை கி.மு. 146-ல் தரைமட்டமாக்கினார்கள். நம் பழைய புறப்பாடல்களைப் பாருங்கள்: பகைவர் ஊரைக் கொளுத்தி, அந்த மண்ணில் கழுதை பூட்டி உழுத மன்னனைப் புலவர் மனமாரப் புகழ்கிறார். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வென்ற மன்னனுக்கு வேண்டியது திறை. திறை கட்டுவதற்கு ஆள் வேண்டும், ஆகையால் தோற்ற நாட்டின் குடிகள் மிஞ்சியாக வேண்டும். குடியேற வந்தவனுக்கு வேண்டியது மண். அந்த மண்ணில் ஏற்கெனவே இருப்பவர்கள் அவன் கணக்கில் வரவாக வரமாட்டார்கள், தடையாகத்தான் வருவார்கள்.

காகிதம் எவ்வளவு அபத்தமாகவும் இருக்க முடியும் என்பதற்கு 1513-ஐச் சொல்ல வேண்டும். ஸ்பானிய அரசவையின் சட்ட அறிஞர் பலாசியோஸ் ரூபியோஸ் ஒரு அறிவிப்பை எழுதிக் கொடுத்தார். 'ரெக்கெரிமியெந்தோ' என்று பெயர். அமெரிக்கக் கரையில் இறங்கும் படைத்தலைவர் எவரும் தாக்குமுன் அதை அங்குள்ளவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். உலகைக் கடவுள் படைத்தார், அவர் பிரதிநிதி போப்பாண்டவர், போப்பாண்டவர் இந்த நிலத்தை எங்கள் அரசருக்குக் கொடுத்திருக்கிறார், பணிந்தால் நல்லது, மறுத்தால் போர் தொடுப்போம், உங்கள் மனைவி மக்களை அடிமையாக்குவோம். அதில் வரும் சாவுக்கும் சேதத்துக்கும் பொறுப்பு உங்களுடையது, எங்களுடையதும் இல்லை, அரசருடையதும் இல்லை. இதை ஸ்பானிய மொழியில் படித்தார்கள். கேட்பவருக்கு அந்த மொழி தெரியாது. சில சமயம் கேட்க ஆளே இல்லாமல் ஆளில்லாத குடிசைகளைப் பார்த்தும் மரங்களைப் பார்த்தும் படித்தார்கள். இதைக் கேள்விப்பட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்று அந்தக் காலத்துப் பாதிரியார் லாஸ் காஸாஸே எழுதி வைத்தார்.

நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் காகிதம் ஒரு முக்கியமான வேலையைச் செய்தது. கொல்லப்படப் போகிறவரைக் கொல்வதற்கு முன்பே குற்றவாளி ஆக்கியது. அடுத்த 400 ஆண்டுகளுக்கு இந்த உத்தி திரும்பத் திரும்ப வரும்.

டாஸ்மேனியாவுக்குப் போவோம். வான் டீமன்ஸ் லேண்ட் என்ற பெயரில் 1803-ல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். முதல் இருபது ஆண்டுகளில் உரசல்கள் இருந்தாலும் பெரும்போர் என்று எதுவும் இல்லை. 1820-களில் என்ன மாறியது? ஆடு வந்தது. இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்குக் கம்பளி வேண்டும். தீவின் நடுவில் இருந்த புல்வெளிகள் குடியேறிகளுக்கு மானியமாக எழுதிக் கொடுக்கப்பட்டன. 1830 வாக்கில் தீவில் சுமார் 10 லட்சம் ஆடுகள். அந்தப் புல்வெளிதான் பழங்குடிகளின் வேட்டைக்களம். கங்காருவைக் கொன்று தீர்த்துவிட்டு ஆட்டைத் தொட்டால் சுடுவார்கள் என்றால் அந்த மக்கள் எதைச் சாப்பிடுவார்கள்? சண்டை மூண்டது. குடியேறிகளிலும் 200-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். 1828 நவம்பரில் ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர் இராணுவச் சட்டம் அறிவித்தார். 1830-ல் பிடித்துத் தரும் ஆளுக்குப் பரிசு என்றானது: பெரியவருக்கு 5 பவுண்டு, குழந்தைக்கு 2 பவுண்டு.

இதே ஆளுநர் அதே சமயத்தில் மரங்களில் தொங்கவிடுவதற்கென்று சில பலகைகளைச் செய்ய வைத்தார். அவற்றில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் படமாக வரைந்தது, நான்கு வரிசை. மேலே வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் கைகோத்து நிற்கிறார்கள். அடுத்து ஆளுநர் பழங்குடித் தலைவரோடு கைகுலுக்குகிறார். மூன்றாவதில் கறுப்பர் வெள்ளையரை ஈட்டியால் குத்துகிறார், தூக்கில் தொங்குகிறார். நான்காவதில் வெள்ளையர் கறுப்பரைச் சுடுகிறார், அவரும் தூக்கில் தொங்குகிறார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது சேதி. மூன்றாவது வரிசையில் இருந்தது நடந்தது. நான்காவது வரிசை பலகையோடு நின்றுவிட்டது: பழங்குடி ஒருவரைக் கொன்றதற்காக அந்தத் தீவில் ஒரு வெள்ளையர்கூடத் தூக்கிலிடப்படவில்லை.

1830 அக்டோபரில் சுமார் 2,200 பேரைச் சங்கிலி போல நிறுத்தித் தீவைக் குறுக்கே சலித்தார்கள். ஏழு வாரம் அலைந்து பிடித்தது இரண்டு பேரை. ஆனால் அந்தக் கெடுபிடியே போதுமானதாக இருந்தது. மிஞ்சியவர்களைப் பேசி இணங்க வைத்து ஃப்ளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 200 பேர் போனார்கள், 1847-ல் திரும்பியவர்கள் 47 பேர். அவர்களில் ஒருவர் ட்ருகனினி. தான் இறந்ததும் உடலை அறுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பயந்ததற்குக் காரணம் இருந்தது, அவருக்கு முன் இறந்த ஒருவரின் மண்டையோட்டை ஏற்கெனவே திருடியிருந்தார்கள். 1876-ல் அவர் இறந்தார். புதைத்த உடலை இரண்டு ஆண்டுகளில் தோண்டி எடுத்தார்கள். எலும்புக்கூடு 1947 வரை அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருள். 1976-ல்தான் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.

'கடைசி டாஸ்மேனியர்' என்று அவரைப் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அதில் ஒரு வசதி இருந்தது. கடைசி ஆள் போய்விட்டால் நிலத்துக்கு உரிமை கேட்க யாரும் மிச்சமில்லை. உண்மையில் அந்த மக்களின் வழித்தோன்றல்கள் பக்கத்துச் சிறு தீவுகளில் வாழ்ந்துகொண்டேதான் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 'அழிந்துகொண்டிருக்கும் இனம்' என்று 19-ஆம் நூற்றாண்டு முழுக்க விஞ்ஞானம் போலப் பேசினார்களே, அதன் பயனும் இதுதான். துப்பாக்கியும் பட்டினியும் செய்ததை இயற்கை செய்ததாக அது மாற்றி எழுதியது. ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற சட்டப் புனைவை அந்நாட்டு உயர் நீதிமன்றம் கைவிட 1992 ஆனது.

கலிஃபோர்னியாவில் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. தங்கம் கிடைத்த இரண்டாம் ஆண்டே, 1850-ல், பழங்குடிகளின் 'பாதுகாப்புக்கான' சட்டம் ஒன்று வந்தது. அதன்படி வேலையில்லாமல் திரியும் பழங்குடியை வெள்ளையர் யாரும் கூலிக்குப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், குழந்தைகளைப் பயிற்சி என்ற பேரில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 1851 ஜனவரியில் ஆளுநர் பீட்டர் பர்னெட் சட்டமன்றத்திலேயே சொன்னார்: இந்திய இனம் (அமெரிக்கப் பழங்குடிகளை அப்படித்தான் அழைத்தார்கள்) அற்றுப்போகும்வரை அழிப்புப் போர் நடந்துகொண்டுதான் இருக்கும், அதை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். துணைப்படைகளுக்கு மாநிலக் கருவூலம் பணம் கொடுத்தது. 1840-களின் நடுவில் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மக்கள் அடுத்த 30 ஆண்டுகளில் சுமார் 30,000 ஆனார்கள். நோயும் இதில் பெரிய பங்கு வகித்தது. ஆனால் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, பசியோடு மலையில் பதுங்கியிருப்பவரை நோய் தாக்குவதும் வீட்டில் இருப்பவரைத் தாக்குவதும் ஒன்றா?

மறுபடி தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வருகிறேன். பத்திரம் முகாமாக மாறிய பாதையை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

நாமா தலைவர் ஹென்ட்ரிக் விட்பாய் நிறையக் கடிதங்கள் எழுதியவர். 1890-ல், தன் பழைய எதிரியான ஹெரேரோ தலைவர் மஹரேரோ ஜெர்மானியரின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டார் என்று கேட்டு அவருக்கு ஒரு கடிதம் போட்டார். வெள்ளையர் கையில் உன்னை ஒப்படைத்திருக்கிறாய், சூரியனை முதுகில் சுமப்பது போல அது உனக்குப் பாரமாக இருக்கும் என்பது அதன் சாரம். அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பேசி முடித்த ஜெர்மன் ஆணையர் ஹைன்ரிஷ் கோரிங். பின்னாளில் ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஹெர்மன் கோரிங்கின் அப்பா.

1897-ல் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் வந்தது. ஹெரேரோக்களுக்கு மாடுதான் சொத்து, மாடுதான் கௌரவம், முன்னோர் வழிபாடும் மாட்டை வைத்துத்தான். மந்தைகளில் பெரும்பகுதி செத்தது. பிழைக்க வழியில்லாமல் ஜெர்மன் வியாபாரிகளிடம் கடன் வாங்கினார்கள். கடனுக்கு வட்டி, வட்டிக்கு மிச்சமிருந்த மாடு, மாடு போனால் மேய்ச்சல் நிலம். மஹரேரோவின் மகன் சாமுவேல் தலைமைக்கு வந்ததே ஜெர்மானியர் தயவில்தான். அவரும் கடனை அடைக்க நிலத்தை விற்றார். ஹெரேரோ வழக்கப்படி நிலம் எல்லோருக்கும் பொது, தலைவரால் விற்கக் கூடியது இல்லை. பத்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது.

கடன் தொல்லை முற்றுவதைப் பார்த்து 1903-ல் காலனி அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஓராண்டுக்குள் வசூலிக்காத கடன் செல்லாது. மக்களைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். நடந்தது என்ன? ஓராண்டு முடிவதற்குள் வியாபாரிகள் வீடு வீடாகப் போய்க் கையில் கிடைத்த மாட்டையெல்லாம் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1904 ஜனவரி 12 அன்று ஹெரேரோக்கள் எழுந்தார்கள். 120-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் கொல்லப்பட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பாதிரிமார்களையும் ஆங்கிலேயரையும் தொடக்கூடாது என்று சாமுவேல் மஹரேரோ தன் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் லாய்ட்வைன் பேசித் தீர்க்கலாம் என்றார். அவருக்கு இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. 60, 70 ஆயிரம் பேரை அவ்வளவு சுலபமாக அழித்துவிட முடியாது, அழித்தால் மாடு மேய்க்கவும் கூலி வேலைக்கும் ஆள் எங்கே என்பது அவர் வாதம். மண் போதும் என்பவர்களுக்கும் மண்ணோடு உழைப்பும் வேண்டும் என்பவர்களுக்கும் நடந்த இந்தச் சண்டையில்தான் ஒரு மக்களின் தலையெழுத்து தீர்மானமானது. பெர்லின் அனுப்பிய லோதர் ஃபான் ட்ரோத்தா என்ற தளபதி ஜூன் மாதம் வந்து இறங்கினார். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சீனாவிலும் கலகங்களை அடக்கிய அனுபவம் அவருக்கு.

ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் மலையடியில் சண்டை. ஹெரேரோக்கள் குடும்பத்தோடும் மந்தையோடும் அங்கே கூடியிருந்தார்கள். ஜெர்மன் வளையத்தில் பலவீனமாக இருந்த பக்கம் தென்கிழக்கு. அதை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்தப் பக்கம் இருந்தது ஒமஹேகே பாலைவனம். படை பின்னாலேயே போய் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டது. பிறகு ரோந்து போனவர்கள் மணலில் பல மீட்டர் ஆழத்துக்குக் கையால் தோண்டிய பள்ளங்களையும், தண்ணீர் கிடைக்காமல் அவற்றைச் சுற்றிச் செத்துக் கிடந்தவர்களின் எலும்புகளையும் பார்த்தார்கள். ஜெர்மன் ஆயுதங்கள் தொடங்கியதை வறண்ட ஒமஹேகே முடித்து வைக்க வேண்டும், அதாவது ஹெரேரோ மக்களின் அழிவை, என்று படைத் தலைமையகம் வெளியிட்ட அதிகாரபூர்வ வரலாறே எழுதுகிறது. இப்படி எழுதி அச்சடிக்கத் தயங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அக்டோபர் 2-ஆம் தேதி ட்ரோத்தா உத்தரவு போட்டார். ஹெரேரோக்கள் இனி ஜெர்மன் குடிகள் இல்லை. நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஜெர்மன் எல்லைக்குள் தென்படும் ஒவ்வொரு ஹெரேரோவும், துப்பாக்கி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மாடு வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவார். பெண்களையும் குழந்தைகளையும் இனி ஏற்கமாட்டேன், அவர்கள் ஆட்களிடமே விரட்டுவேன் அல்லது அவர்களைச் சுடச் சொல்வேன். சாமுவேல் மஹரேரோ தொடாதே என்றவர்களும் இவர் சுடு என்றவர்களும் ஒரே மாதிரி ஆட்கள்தான். இரண்டில் எதை நாகரிகம் என்று ஐரோப்பா அன்று சொல்லிக்கொண்டது என்பது நமக்குத் தெரியும்.

பெர்லினில் எதிர்ப்பு கிளம்பியது. பிரதமர் பூலோ இது கிறிஸ்தவ நெறிக்கு விரோதம் என்றார், காலனியின் பொருளாதாரத்துக்குக் கேடு என்றார், உலக நாடுகள் முன் ஜெர்மனியின் பெயர் கெடும் என்றும் சொன்னார். டிசம்பரில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மிஞ்சியவர்களைச் சுடுவதற்குப் பதில் முகாமில் அடைத்தார்கள். நாமாக்களும் 1904-ன் இறுதியில் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். விட்பாய் 1905 அக்டோபரில் சண்டையில் செத்தார். அவர் மக்களும் முகாமுக்குப் போனார்கள். மோசமான முகாம் ஷார்க் தீவு. அட்லாண்டிக் குளிர்காற்று, கோணித்துணி கூடாரம், வேகாத அரிசி. கைதிகளை ரயில் பாதை போடவும் துறைமுக வேலைக்கும் அனுப்பினார்கள். படையின் சொந்தக் கணக்குப்படியே முகாம்களில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் செத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால், சுமார் 80,000 ஹெரேரோக்களில் 65,000 பேர் வரையும், 20,000 நாமாக்களில் 10,000 பேரும் அழிந்ததாகப் பொதுவான மதிப்பீடு. இந்த எண்களைப் பற்றி வரலாற்றாளர்களிடையே வாதம் இன்னும் உண்டு.

இறந்தவர்களின் தலைகள் ஆய்வுக்காக ஜெர்மனிக்குப் போயின. சதையை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலையைக் கைதிப் பெண்களிடம் கொடுத்தார்கள். வேகவைத்துக் கொடுத்த தலை தெரிந்தவருடையதாகவும் இருக்கலாம். மண்டையோடுகளைப் படைவீரர்கள் பெட்டியில் அடுக்கும் காட்சி அஞ்சலட்டையாகவே அச்சிடப்பட்டது.

மறுபடி காகிதம். 1905-ல் ஹெரேரோ நிலம் முழுவதும் அரசுடைமை. 1907-ல் பழங்குடிகளுக்கான ஒழுங்குவிதிகள்: ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் எண் பொறித்த உலோக வில்லை அணிய வேண்டும், அனுமதியில்லாமல் நிலமோ மாடோ வைத்திருக்கக் கூடாது. மாட்டை வைத்தே தன்னை அறிந்த ஒரு மக்கள் கழுத்தில் மாட்டுக்குக் கட்டும் வில்லையைப் போல ஒன்று. லெம்கின் சொன்ன இரண்டாம் கட்டம் என்றால் என்ன என்று கேட்டால் இதைக் காட்டலாம்.

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகத் தென்னாப்பிரிக்கப் படை அந்தக் காலனியைப் பிடித்தது. பிரிட்டன் 1918-ல் சாட்சிகளின் வாக்குமூலங்களைத் திரட்டி அரசு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஜெர்மனிக்குக் காலனிகளைத் திருப்பித் தரக் கூடாது என்று வாதாடுவதற்கு அது தேவைப்பட்டது. வேலை முடிந்தது. 1926-ல், வெள்ளையர்களுக்குள் சமரசம் வேண்டும் என்று காலனியின் தலைநகர் விண்டூக்கில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு, அந்த அறிக்கையின் பிரதிகளை அழிக்கச் சொன்னது. சாட்சி சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை.

காங்கோவை இந்த வரிசையில் வைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் 1885-ல் 'காலி நிலம்' எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று ஆணை போட்டுத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவருக்கு வேண்டியது ரப்பர், ரப்பர் எடுக்க ஆட்கள் வேண்டும். ஒதுக்கீட்டை எட்டாத கிராமங்கள் எரிந்தன, துப்பாக்கிக் குண்டுக்குக் கணக்குக் காட்ட வெட்டிய கைகளைக் கூடையில் கொண்டுவந்தார்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட மக்களை இல்லாமல் ஆக்குவது நோக்கமாக இருக்கவில்லை. இனவழிப்பு பற்றிய சர்வதேசச் சட்டம் நோக்கத்தைத்தான் கேட்கிறது. அந்தக் கேள்வியில் காங்கோ வெளியே நின்றுவிடுகிறது. செத்தவர்களுக்கு அது என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் இல்லை. சட்டத்தின் சல்லடை எந்த அளவில் நெய்யப்பட்டது என்பதைத்தான் இது காட்டுகிறது. 1908-ல் காங்கோவை பெல்ஜியத்திடம் ஒப்படைக்குமுன் லியோபோல்ட் ஆவணங்களை எரித்தார்.

அப்படியானால் விண்டூக்கிலிருந்து நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு நேர்க்கோடு போடலாமா? போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சரக்கும் இருக்கிறது. 'வாழ்வெளி', அதாவது ஒரு மக்கள் வளர மேலும் நிலம் வேண்டும், என்று ஜெர்மானியர் பின்னால் பிடித்துக்கொண்ட கருத்தை உருவாக்கிய புவியியலாளர் ரட்ஸெல் காலனி விரிவாக்கத்தின் ஆதரவாளர். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் 1908-ல் கலப்பினக் குடும்பங்களின் தலையையும் முடியையும் அளந்த ஆய்வாளர் ஆய்கென் ஃபிஷர், 1927 முதல் பெர்லினில் இனவியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவர். ஹெரேரோ போரில் இருந்த ரிட்டர் ஃபான் எப் நாஜி காலத்தில் பவேரியாவின் ஆளுநர். இங்கிலாந்துக்கு இந்தியா எப்படியோ நமக்கு ரஷ்ய நிலம் அப்படி என்று ஹிட்லரே 1941-ல் சொன்னார்.

ஆனால் நேர்க்கோட்டில் எனக்குத் தயக்கம் உண்டு. காலனிப் படுகொலை செய்த பிரிட்டனிலும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் நாஜி ஆட்சி வரவில்லை. யூத வெறுப்புக்குக் காலனிகளைவிடப் பழைய ஐரோப்பிய வேர் இருக்கிறது. காலனிகள் கொடுத்தது ஒரு பழக்கம் என்று சொல்லலாம்: ஒரு மக்களை எண்ணலாம், நகர்த்தலாம், நிலத்தைக் காலி செய்யலாம், அதை அலுவலக வேலையாக நடத்தலாம் என்ற பழக்கம்.

1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. இனவழிப்புக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. வரைவில் பண்பாட்டு அழிப்பும் இருந்தது: மொழியைத் தடுப்பது, பள்ளிகளையும் நூல்களையும் கோயில்களையும் அழிப்பது. அதை நீக்குவதில் குடியேற்ற நாடுகளும் காலனிகளை வைத்திருந்த நாடுகளும் முன்னால் நின்றன. ஏன் என்று விளக்கத் தேவையில்லை. அரசியல் குழுக்களைச் சேர்க்கக் கூடாது என்பதில் சோவியத் யூனியன் முனைப்பாக இருந்தது, அவரவர் கவலை அவரவருக்கு. பிரிவு 12 இன்னும் சுவாரசியம்: ஒரு நாடு கையெழுத்திட்டால் அது தன் ஆட்சிக்கு உட்பட்ட பிற நிலப்பகுதிகளுக்குத் தானாகப் பொருந்தாது, விரும்பினால் தனியாக அறிவித்துக்கொள்ளலாம். அமெரிக்கா உறுதிப்படுத்தியது 1988-ல், பிரிட்டன் சேர்ந்தது 1970-ல். அதற்குள் பெரும்பாலான காலனிகள் கைவிட்டுப் போயிருந்தன.

ஒரே ஒரு வாசகம் மட்டும் தப்பித்தது. ஒரு கூட்டத்தின் குழந்தைகளைப் பலவந்தமாக வேறு கூட்டத்துக்கு மாற்றுவதும் இனவழிப்பே என்ற வரி, கிரேக்க நாட்டின் யோசனையால் உள்ளே வந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த வரிதான் கனடாவின், ஆஸ்திரேலியாவின் கதவைத் தட்டியது. கனடாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. 2015-ல் அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைப் பண்பாட்டு இனவழிப்பு என்றது, அதாவது 1948-ல் வெட்டிய சொல்லாலேயே.

ருவாண்டாவில் குடியேறிகள் நிலத்தைப் பிடிக்கவில்லை. அங்கே காலனியம் விட்டுப்போனது வேறு மாதிரியான காகிதம். ஹூட்டு, டுட்ஸி என்ற பிரிவுகள் முன்பே இருந்தன, ஆனால் ஒரே மொழி, ஒரே குன்று, மணவுறவும் உண்டு, நிலைமை மாறினால் ஒருவர் இங்கிருந்து அங்கே போகவும் இடம் இருந்தது. டுட்ஸிகள் எத்தியோப்பியாவிலிருந்து வந்த உயர்ந்த இனம் என்ற கதையை 1863-ல் ஆங்கிலப் பயணி ஸ்பீக் கட்டிவிட்டார். நாட்டை ஆண்ட பெல்ஜிய அதிகாரிகள் அதை நம்பி ஆட்சியை டுட்ஸிகளிடம் குவித்தார்கள். மூக்கை அளந்தார்கள். 1933-34 கணக்கெடுப்புக்குப் பின் அடையாள அட்டையில் இனத்தை அச்சடித்தார்கள். போக வர இருந்த வழி அதோடு அடைபட்டது.

அப்புறம் நடந்ததற்கு பெல்ஜியத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1957-ல் ஹூட்டு அறிவுஜீவிகள் வெளியிட்ட அறிக்கை, அட்டையிலிருந்து இனப் பெயரை எடுக்கக் கூடாது என்று கேட்டது. 1962-ல் விடுதலை பெற்ற அரசும் 30 ஆண்டுகளுக்கு மேல் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தது. காலனி ஆட்சியாளர்களின் கதையில் டுட்ஸி எத்தியோப்பியாவிலிருந்து வந்த உயர்ந்தவன், புதிய கதையில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த அந்நியன். கதை அதேதான். 1992 நவம்பரில் ஆளுங்கட்சிப் பிரமுகர் லெயோன் முகெசெரா கூட்டத்தில் பேசினார்: உங்கள் ஊர் எத்தியோப்பியா, ந்யபரோங்கோ ஆற்று வழியாக உங்களைச் சீக்கிரம் அனுப்பி வைப்போம். 1994 ஏப்ரலில் தொடங்கி 100 நாட்களில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். சாலைத் தடுப்பில் முதலில் கேட்டது அட்டையை. அந்த ஆறு ககேரா ஆற்றின் வழியாக விக்டோரியா ஏரியில் போய்ச் சேர்கிறது. ஏரிக்கரையில் உகாண்டா மீனவர்கள் ஆயிரக்கணக்கில் பிணங்களை இழுத்துப் போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பயணி ஒருவரின் ஊகம் அந்த ஆற்றில் மிதந்துபோனது.

2021 மே மாதம், தென்மேற்கு ஆப்பிரிக்காவில் 1904-08-ல் நடந்தது 'இன்றைய பார்வையில்' இனவழிப்புதான் என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. வளர்ச்சி உதவி, இழப்பீடு இல்லை. 'இன்றைய பார்வையில்' என்ற இரண்டு சொற்களை எழுத எத்தனை வழக்கறிஞர்கள் உட்கார்ந்தார்களோ. ஐ.நா. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1951-ல், அதற்கு முந்தையதைச் சட்டப்படி அது பிடிக்காது என்பது அதன் உள்ளர்த்தம். ஹெரேரோ, நாமா அமைப்புகளில் பல இதை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு இடமே தரவில்லை என்றார்கள். அவர்கள் கேட்பதில் முதல் விஷயம் நிலம். நமீபியாவின் வணிகப் பண்ணைகளில் பெரும்பகுதி இன்னும் வெள்ளையர் கையில்தான் இருக்கிறது.

லூடரிட்ஸ் ஊரின் பெயர் இன்னும் லூடரிட்ஸ்தான். ஷார்க் தீவு இப்போது தீவு இல்லை, கரையோடு இணைத்துவிட்டார்கள். அங்கே சுற்றுலாப் பயணிகள் கூடாரம் அடித்துத் தங்கும் இடம் இருக்கிறது. பக்கத்தில் துறைமுகத்தை விரிவாக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள், பசுமை ஹைட்ரஜன் ஏற்றுமதிக்காக. தண்ணீருக்கடியில் எங்கள் முன்னோரின் எலும்புகள் இருக்கின்றன, தோண்டாதீர்கள் என்று நாமா வழித்தோன்றல்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாங்குபவர்கள் வரிசையில் முன்னால் வந்து நின்றது ஜெர்மனி.